பல்லுக்கு கேப் போடப் போகிறவர்களுக்கு: கடி சரியாகும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை) முடித்து, செராமிக் கேப் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மாலை, மரப்பு இறங்கியதும் ஒரு துண்டு இட்லியை வாயில் வைத்தேன். மற்ற பற்கள் சேர்வதற்கு முன்பே அந்த ஒரு பல் மட்டும் மேல் பல்லில் போய் இடித்தது. கண்ணாடியில் பார்த்தால் கேப் அழகாக இருந்தது. நிறம் பக்கத்துப் பல்லோடு அப்படியே பொருந்தியது. கிளினிக்குக்கு போன் செய்தேன். “புதுசுல்லம்மா, ரெண்டு நாள்ல பழகிடும்” என்றார்கள்.

பழகவில்லை. பத்தாம் நாள் காதோரம் வலி. மூன்றாவது வாரம், எதிரே இருந்த மேல் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூச்சம். ஒன்றரை மாதத்தில் கேப்பின் ஓரத்தில் செராமிக் சில்லு பெயர்ந்து உள்ளிருந்த உலோகம் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு வேறொரு மருத்துவரிடம் புதிதாகச் செய்து முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. இரண்டு கேப்பின் பணமும் என் கையிலிருந்துதான் போனது.

அந்த இரண்டாவது மருத்துவர் பழைய கேப்பைக் கழற்றும் முன் வாயில் மை தடவிய நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். கேப்பின் மேல் ஒரு நீல வட்டம், நடுவில் வெளுத்த புள்ளி. பக்கத்துப் பற்களில் மை ஒட்டவே இல்லை. “உங்க வாயோட மொத்த பலமும் இந்த ஒரு புள்ளியிலதாம்மா இறங்கிட்டிருந்திருக்கு” என்றார். இதை முதல் நாளே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. என்ன போடப் போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கழற்றி மாட்டும் பல்செட் வேறு, நிரந்தரமாக ஒட்டிவிடும் வேலை வேறு. இந்தக் கட்டுரை ஒட்டிவிடுவதைப் பற்றியது.

பல்லைச் சுற்றிலும் செதுக்கி, மேலே தொப்பி போல மூடுவது கேப். மருத்துவர்கள் கிரவுன் என்பார்கள். பல்லின் கடிக்கும் பகுதியை மட்டும் மூடினால் ஆன்லே. முன்பற்களின் வெளிப்பக்கத்தில் மட்டும் மெல்லிய தகடாக ஒட்டினால் வினீர். ஒரு பல் விழுந்த இடத்தை நிரப்ப, இரு பக்கத்துப் பற்களையும் செதுக்கிக் கேப் போட்டு, நடுவில் ஒரு பொய்ப் பல்லைத் தொங்கவிட்டு மூன்றையும் ஒரே துண்டாகச் செய்தால் பிரிட்ஜ். எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து அதன் மேல் கேப் போட்டால் இம்பிளான்ட்.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் தேவைப்படும். சொத்தையிலும் சிகிச்சையிலும் உள்ளே நிறைய பல் போயிருக்கும். மீதியிருப்பது மெல்லிய சுவர்கள்தான். முறுக்கைக் கடிக்கும்போது அந்தச் சுவர் பிளந்து, பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவது தவிர வழியில்லாமல் போகலாம். “வலி போய்டுச்சே, கேப் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டுப் பல்லை இழந்தவர்கள் என் குடும்பத்திலேயே இரண்டு பேர்.

பல்லுக்கு எண் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயை நான்கு பாகமாகப் பிரித்து முதல் இலக்கமும், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று இரண்டாவது இலக்கமும் எழுதுவார்கள். என் பல் 36: கீழ் இடதுபக்கம், ஆறாவது பல். சீட்டில், பில்லில், கேப்பைச் செய்து தரும் லேபின் அட்டையில் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கடி என்றால் என்ன

கண்ணாடி முன் நின்று வாயை மூடி, கடைவாய்ப் பற்களை மெதுவாகக் கடியுங்கள். ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி உட்காருவதுபோல் மேல் பல்லின் முகடு கீழ்ப் பல்லின் குழிக்குள்ளும், கீழ்ப் பல்லின் முகடு மேல் பல்லின் குழிக்குள்ளும் போய் உட்காரும். பொதுவாக, மேல் கடைவாய்ப் பற்களில் அண்ணத்தை ஒட்டிய உள்முகடும், கீழ்ப் பற்களில் கன்னத்தை ஒட்டிய வெளிமுகடும்தான் இந்தக் குழவி வேலையைச் செய்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே பலத்தில் சேர வேண்டும். இது ஒன்று.

அடுத்து, பற்களைச் சேர்த்தபடியே கீழ்த்தாடையை இடப்பக்கம் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பலருக்கு இடப்பக்கக் கோரைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, கடைவாய்ப் பற்களை விலக்கிவிடும். சிலருக்குக் கோரைப் பல்லோடு அடுத்துள்ள பற்களும் சேர்ந்து உரசும். வயதாகிக் கோரைப் பல் தேய்ந்தவர்களிடம் இதை அதிகம் காணலாம். இரண்டும் இயல்பானவையே. தாடையை முன்னே தள்ளினால் முன்பற்கள் உரசி, பின்பற்கள் விலகும். கடைவாய்ப் பல் நேராக இறங்கும் பலத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பை அந்த அளவுக்குத் தாங்காது. கோரைப் பல்லும் முன்பல்லும் அதைக் காப்பது இப்படித்தான்.

ஆகவே புது கேப் இரண்டு இடத்தில் தவறலாம். நேராகக் கடிக்கும்போது முதலில் இடிப்பது ஒன்று. நேராகக் கடித்தால் சரியாக இருந்து, மெல்லும்போது பக்கவாட்டில் இடிப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நாற்காலியில் உட்கார வைத்து “கடிங்க, கடிங்க” என்று மட்டும் சொன்னால் அது தெரியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். “ரூட் கெனால் பண்ணின பல்லுல நரம்பே இல்ல, எப்படி வலிக்கும்?” என்று என்னிடமே கேட்டார்கள். பல்லுக்குள் இருந்த நரம்பு போய்விட்டது, உண்மை. ஆனால் வேரையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அழுத்தத்தை உணர்வது அந்த நார். பற்களுக்கு நடுவே ஒரு தலைமுடி சிக்கினால்கூட நமக்குத் தெரிகிறது. முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே உங்களுக்கு இடிப்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் இடிக்கத்தான் செய்கிறது. இம்பிளான்ட்டில் இந்த நார் கிடையாது, அதனால் இடித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. இம்பிளான்ட் போடுகிறவர்கள் சோதனையை இன்னும் கவனமாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

3. மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

நான் முதல் தடவை வெறுங்கையோடு போனேன். இரண்டாவது தடவை பழைய எக்ஸ்ரே, பில், எதுவும் என்னிடம் இல்லை. ரூட் கெனால் எப்படி முடிந்திருக்கிறது என்று பார்க்கப் புதிதாக எக்ஸ்ரே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- ரூட் கெனாலுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. கணினியில் எடுத்தது என்றால் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்; உங்கள் வாயின் படத்தைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.
- சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டுக்கொள்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.
- சர்க்கரை நோயாளி என்றால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அறிக்கை.
- ஒவ்வாமை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிற உடம்பா? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான உலோக கேப்பிலும், உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப்பிலும் நிக்கல் கலந்திருக்க வாய்ப்புண்டு. நிக்கல் இல்லாத உலோகமோ, ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளை செராமிக்கோ கேளுங்கள்.

மருத்துவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று சீட்டில் உள்ள பதிவு எண்ணைப் பாருங்கள். பி.டி.எஸ். படித்தவர்கள் கேப் போடலாம், நிறைய பேர் அருமையாகவே போடுகிறார்கள். ஆனால் பல பற்களுக்குச் சேர்த்துச் செய்வது, பற்கள் தேய்ந்து கடியே குலைந்திருப்பது, நீண்ட பிரிட்ஜ் போன்றவை என்றால் செயற்கைப் பல் துறையில் எம்.டி.எஸ். முடித்தவரிடம் ஒரு தடவையாவது கருத்துக் கேளுங்கள். அந்தத் துறையின் பெயர் புராஸ்தோடான்டிக்ஸ். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் கல்லூரி மருத்துவமனைகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் குறைவாகவே வாங்குவார்கள். மாணவர்கள் செய்வதால் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும், முறைகளும் அதிகம். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்ததுக்குப் போவார்கள். நேரம் இருப்பவர்களுக்கு நல்ல வழி.

மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். சாதாரண பாலிசிகள் விபத்து தவிர மற்ற பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. வெளிநோயாளிச் செலவையும் சேர்த்த பாலிசி என்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. பொருளையும் விலையையும் பேசி முடியுங்கள்

இரண்டாவது கேப்புக்கு முன் திருச்சியில் மூன்று கிளினிக்கில் விலை கேட்டேன். எனக்குச் சொன்னவை இவை; உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

முழு உலோக கேப்: 2,000 முதல் 3,000 ரூபாய். பார்க்க அழகில்லை, ஆனால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், உடையாது. சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு இன்றும் குறை சொல்ல முடியாத தேர்வு.

உலோகத்தின் மேல் செராமிக்: 4,000 முதல் 6,000 ரூபாய். பல் நிறம் இருக்கும். கடிக்கும் பகுதியில் உலோகம், செராமிக் இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை செதுக்குவார்கள். கடி உயரமாக இருந்தால் இதில் செராமிக் சில்லு பெயரலாம். ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும்.

ஜிர்கோனியா: 8,000 முதல் 15,000 ரூபாய். ஒரே கட்டியிலிருந்து கணினி இயந்திரம் கடைந்து எடுக்கும் வகை மிகவும் உறுதியானது. மேலே செராமிக் பூசிய ஜிர்கோனியாவும் உண்டு. அது இன்னும் அழகு; ஆனால் பூச்சு பெயரலாம். “கடைவாய்க்கு ஒரே கட்டியா, மேல்பூச்சு உள்ளதா?” என்று கேளுங்கள். இதற்கு வாரன்டி அட்டை தருவார்கள். கேப் உடைந்தால் புது கேப்புக்கு மட்டும்தான் அந்த அட்டை பெரும்பாலும் செல்லும். கழற்றும் கூலி, உள்ளே பல் சொத்தையானது எல்லாம் அதில் சேராது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடித்தன்மையுள்ள செராமிக் முன்பற்களுக்கு நிஜப் பல் போலவே இருக்கும். கடைவாயில் பலமாகக் கடிக்கிறவர்களுக்கு மருத்துவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். கேப்பின் விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறோம். ரூட் கெனால் தனி. மேலே பல் அதிகம் உடைந்திருந்தால் வேருக்குள் கம்பி வைத்துப் பல்லைக் கட்டி எழுப்புவார்கள்; அதுவும் தனி. தற்காலிக கேப் சில இடங்களில் இலவசம், சில இடங்களில் 500 ரூபாய். “ஒட்டிய பிறகு கடி சரியில்லை என்றால் திருத்துவதற்கு, மீண்டும் செய்வதற்குப் பணம் உண்டா?” இந்தக் கேள்வியை முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டதுதான் என் தவறு.

இன்னொரு கேள்வி: “ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்காவது நல்ல பல் மிச்சம் இருக்கிறதா, டாக்டர்?” கேப் பிடித்துக்கொள்வது அந்த வளையத்தைத்தான். அது இல்லாத பல்லில் எவ்வளவு விலையுயர்ந்த கேப் போட்டாலும் கழன்று வரும் அல்லது பல் உடையும்.

5. பிரிட்ஜ் என்றால் பல் கணக்கைப் போடுங்கள்

விழுந்தது ஒரு பல்தானே என்று ஒரு பல்லின் விலையை மனதில் வைத்துப் போகாதீர்கள். ஒரு பல் விழுந்த இடத்துக்கு மூன்று யூனிட், அதாவது மூன்று பல்லின் விலை. ஜிர்கோனியா ஒன்று 10,000 என்றால் பிரிட்ஜ் 30,000.

பணத்தைவிடப் பெரியது, இரண்டு பக்கத்துப் பற்களும் நல்ல பற்களாக இருந்தால் அவற்றையும் செதுக்க வேண்டும் என்பது. செதுக்கிய பல் திரும்ப வளராது. ஏற்கெனவே கேப் தேவைப்படும் நிலையில் அவை இருந்தால் பிரிட்ஜ் நியாயம். இரண்டும் எந்தச் சிகிச்சையும் தொடாத நல்ல பற்கள் என்றால் இம்பிளான்ட்டின் விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தில் பழைய விதி. மூன்று நான்கு பற்கள் விழுந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு பல்லில் மட்டும் பிரிட்ஜைத் தொங்கவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டாலும் கடி குலையும். பக்கத்துப் பல் பள்ளத்தை நோக்கிச் சாயும், எதிர்ப் பல் கீழிறங்கும் அல்லது மேலேறும். சில வருடம் கழித்துப் போனால் பல் வைக்க இடமே இருக்காது.

6. செதுக்கி அளவெடுக்கும் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரப்பு ஊசி போட்டால் கீழ்த்தாடையில் உதடு பல மணி நேரம் மரத்திருக்கும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொள்வோம்.

நிறம் பார்ப்பது செதுக்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். வாயைத் திறந்தபடி நேரம் போனால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். அப்போது எடுத்த நிறத்தில் கேப் வந்தால் அது மட்டும் பளீரென்று நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள், உதட்டுச் சாயம் வேண்டாம். தேர்ந்தெடுத்த எண்ணை, ஏ2, ஏ3 என்று ஏதோ ஒன்று, உங்கள் கோப்பில் எழுதுங்கள்.

அளவெடுக்கும்போது மூன்று வேலை நடக்கிறதா என்று கவனியுங்கள்: செதுக்கிய பக்கத்தின் அளவு, எதிர்ப் பக்கத்தின் அளவு, இரண்டும் சேர்ந்து கடிக்கும் பதிவு. கடிப் பதிவை மெழுகிலோ ரப்பர் பசையிலோ எடுப்பார்கள். வாயில் கேமரா விட்டு ஸ்கேன் செய்தாலும் இந்த மூன்றும் உண்டு. என் முதல் கேப்பில் மேல்தாடையின் அளவை எடுத்ததாகவே எனக்கு நினைவில்லை. எதிரே எந்தப் பல் எப்படி இருக்கிறது என்று தெரியாத லேப்காரர் முகட்டையும் குழியையும் எதை வைத்து வடிப்பார்?

கடிப் பதிவு எடுக்கும்போது நீங்கள் எப்போதும் கடிப்பதுபோல் கடிக்க வேண்டும். பலர் பசையைக் கண்டதும் தாடையை முன்னே நீட்டிவிடுகிறார்கள். முந்தைய நாள் வீட்டில் நாலைந்து தடவை வாயை மூடித் திறந்து, உங்கள் இயல்பான கடி எங்கே என்று பழகிக்கொண்டு போங்கள். கேப் போடுவது வரிசையில் கடைசிப் பல்லுக்கு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குப் பின்னால் தாங்க வேறு பல் இல்லாததால் கடிப் பதிவு அங்கேதான் எளிதில் பிசகும்.

7. தற்காலிக கேப்பைத் தவிர்க்காதீர்கள்

லேபிலிருந்து கேப் வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். “நரம்பு இல்லாத பல், கூசாது, தற்காலிக கேப் எதுக்கு?” என்பார்கள். கூச்சத்துக்காக மட்டுமா அது? செதுக்கிய பல்லைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல்லும் எதிர்ப் பல்லும் அந்த இடைவெளியை நோக்கி நகரும். இரண்டு வாரம் தாமதமானால் அளவெடுத்த வாய் வேறு, கேப் மாட்டும் வாய் வேறு. கேப் உட்காரவில்லை என்று அதைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் லேப் மூடியிருக்கும். அந்த வாரத்தை விட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

தற்காலிக கேப் கழன்று வந்தால் பத்திரமாக எடுத்துக்கொண்டு மறுநாளே போங்கள்.

8. மாட்டிப் பார்க்கும் நாள்: மொத்தக் காரியமும் இங்கேதான்

காலை நேரத்தில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். அன்று மாலைக்குள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம். இரவு ஒன்பது மணிக்குக் கடைசி ஆளாகப் போனால் அவருக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம்.

ரூட் கெனால் செய்த பல் என்றால் மரப்பு ஊசி இல்லாமலே மாட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மரத்த வாயால் கடியைச் சொல்லவே முடியாது. எனக்கு முதல் தடவை நடந்தது இதுதான்: மரத்த வாயோடு “சரியா இருக்கா?” என்று கேட்டார்கள், “சரியாத்தான் இருக்கு” என்றேன், ஒட்டிவிட்டார்கள்.

நிரந்தரப் பசை போடுவதற்கு முன் இவை நடக்க வேண்டும். இரண்டாவது மருத்துவர் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கேப் இல்லாமல் மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். பக்கத்துப் பற்களில் எங்கெங்கே புள்ளி விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் கேப்பை மாட்டி மறுபடி கடிக்கச் சொன்னார். முன்பு மை ஒட்டிய பக்கத்துப் பற்களில் இப்போதும் அதே புள்ளிகள் விழ வேண்டும்; விழவில்லை என்றால் கேப் அவற்றைத் தூக்கி நிறுத்துகிறது என்று பொருள். நீலத் தாளில் நேராகக் கடிப்பது, சிவப்புத் தாளில் இடவலம் தேய்ப்பது. சிவப்புக் கோடு கேப்பின் சரிவில் நீளமாக இழுத்திருந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் தேய்த்தார். நாலு முறை தாளை மாற்றினார். ஒவ்வொரு முறையும் என் நாற்காலியை நிமிர்த்தினார். படுத்த நிலையில் தாடை கொஞ்சம் பின்னே போகும், உட்கார்ந்து சாப்பிடும் கடி அதுவல்ல. உங்கள் மருத்துவர் நிமிர்த்தவில்லை என்றால், “டாக்டர், உக்காந்து ஒரு தடவை கடிச்சுப் பாக்கட்டுமா?” என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு பல்நூல். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே நூலை இறக்கினால் லேசாக இறுகி ‘டக்’ என்று இறங்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி இருக்கிறது. முருங்கைக்காய் நாரும் கீரையும் ஒவ்வொரு வேளையும் அங்கே சிக்கும், ஈறு வீங்கும். இந்தக் குறையை ஒட்டிய பிறகு சரிசெய்வது கடினம். லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து எதிர்த்திசையில். உயரம் என்று புகார் வரக்கூடாது என்று கேப்பை எதிர்ப் பல்லில் படாமலே தாழ்வாகச் செய்துவிடுவதும் உண்டு. அன்றைக்கு வலியே இருக்காது. ஆனால் அந்தப் பல் மெல்லும் வேலையைச் செய்யாது, எதிர்ப் பல் மெல்ல நகர்ந்து வரும். “இந்த கேப்புலயும் மை ஒட்டுதா?” என்று கேட்டுப் பாருங்கள்.

கேப்பைத் தேய்த்த இடத்தை மெருகேற்றச் சொல்லுங்கள். சொரசொரப்பான ஜிர்கோனியா எதிரில் உள்ள நிஜப் பல்லை அரம்போல் தேய்க்கும். நன்றாக மெருகேற்றினால் அந்தத் தொல்லை இல்லை. நாக்கால் தடவினாலே தெரிந்துவிடும். நிறைய தேய்க்க வேண்டியிருந்தால் கேப்பின் தடிமன் குறைந்துவிடும். அப்போது திருப்பிச் செய்வதுதான் நேர்மை.

ஒரு வாரத்துக்குத் தற்காலிகப் பசையில் ஒட்டித் தர முடியுமா என்றும் கேட்கலாம். உலோக கேப்புக்கும் ஜிர்கோனியாவுக்கும் சில மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித்தான் செய்தார். அந்த ஒரு வாரத்தில் சப்பாத்தி, வேர்க்கடலை, கோழி எலும்பு எல்லாம் மென்று பார்த்தேன். இடப்பக்கம் மெல்லும்போது மட்டும் லேசாக இடிப்பதைச் சொன்னேன், தேய்த்துவிட்டு நிரந்தரமாக ஒட்டினார். கண்ணாடித்தன்மை செராமிக்குக்கு இந்த வழி ஒத்துவராது.

9. ஒட்டிய பிறகு முதல் இரண்டு வாரம்

முதல் நாள் அந்தப் பக்கம் கடினமானதை மெல்ல வேண்டாம், பசை முழுதாக இறுகட்டும். ஈறு இரண்டு மூன்று நாள் புண்ணாக இருப்பது இயல்பு.

வீட்டில் அமைதியான நேரத்தில் பற்களை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சத்தமாக வர வேண்டும். விரல் நுனியைப் பல்லின் வெளிப்பக்கத்தில் வைத்துத் தட்டுங்கள்; கேப் போட்ட பல்லோ அதன் எதிர்ப் பல்லோ மற்றவற்றைவிட அதிகம் அதிர்ந்தால் அங்கே பலம் கூடுதலாக விழுகிறது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் “பழகிடும்” என்பதை ஏற்காமல் திரும்பிப் போங்கள்: வாயை மூடியதும் அந்தப் பல் முதலில் படுவது, கடித்து விடுவிக்கும்போது சுரீரென்பது, எதிர்ப் பல்லில் புதிய கூச்சம், காலையில் எழும்போது பொட்டிலோ காதோரமோ இறுக்கம். இரண்டு நாள் பொறுக்கலாம், இரண்டு வாரம் பொறுக்கக் கூடாது. கடி சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். நான் ஆறு வாரம் தள்ளியதால் செராமிக்கும் போனது, மேல் பல்லின் கூச்சம் அடங்க இன்னும் இரண்டு மாதமும் ஆனது.

தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை முதல் நாளே சொல்லுங்கள். இரவில் மாட்டிக்கொள்ளும் தடுப்புத் தகடு ஒன்று செய்து தருவார்கள். புது கேப்புக்குப் பிறகு அளவெடுத்தால்தான் அது பொருந்தும், முன்பே செய்தால் மறுபடி செலவு.

10. கோப்பை முடித்து, கேப்பைக் காப்பாற்றுங்கள்

ஒட்டிய பிறகு எடுத்த எக்ஸ்ரே, வாரன்டி அட்டை, பல் எண்ணும் பொருளும் குறித்த பில், நிற எண், எந்தப் பசை என்ற குறிப்பு. இவற்றை வாங்காமல் வராதீர்கள். பில்லில் வெறுமனே ‘பல் சிகிச்சை’ என்று எழுதியிருந்தால் ‘ஜிர்கோனியா கேப், 36’ என்று திருத்தி வாங்குங்கள்.

கேப் சொத்தையாகாது. அதன் ஓரத்துக்குக் கீழே இருக்கும் உங்கள் பல் சொத்தையாகும். ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் பிரஷ் படட்டும், தினமும் ஒருமுறை நூல் விடுங்கள். பிரிட்ஜ் என்றால் நூல் மேலிருந்து இறங்காது. நுனி விறைப்பான நூலையோ சின்ன இடுக்குப் பிரஷையோ பொய்ப் பல்லின் அடியில் நுழைத்துத் துடைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டும்போது மைத்தாளையும் ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற பற்கள் தேய்ந்துகொண்டே வரும், ஜிர்கோனியா அந்த வேகத்தில் தேயாது. இன்று சரியாக இருக்கும் கடி மூன்று வருடத்தில் மாறலாம்.

கேப் கழன்று வந்துவிட்டால் பயப்படாதீர்கள். கழுவி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். கடையில் விற்கும் ஒட்டும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். ஈறு வெந்துவிடும், கேப்பும் கோணலாக உட்கார்ந்து கடி மறுபடி கெடும். ஆடும் கேப்போடு தூங்காதீர்கள், விழுங்கிவிடவோ மூச்சுக்குழாயில் போகவோ கூடும். இரண்டு மூன்று நாளுக்குள் கேப்பையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், உள்ளே பல் நன்றாக இருக்கும்பட்சத்தில் அதே கேப்பைச் சுத்தம் செய்து ஒட்டித் தருவார். ஒட்டும் முன் உட்கார்ந்தபடி ஒரு தடவை கடித்துப் பாருங்கள்.